தாத்தாவின் நாட்காட்டியும் கடலடி எண்ணெயும்

கோல லங்காட்டுக் கரையோரத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். கடலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு மண்கரை. அந்தக் கரையில் இடைவெளி விட்டு அமைக்கப்பட்ட தண்ணீர்க் கதவுகள். கடல் ஏறும்போது கதவை மூட வேண்டும். இல்லையேல் உப்புநீர் உள்ளே புகுந்து செம்பனை வேரைக் கெடுத்துவிடும். கடல் இறங்கும்போது கதவைத் திறக்க வேண்டும். இல்லையேல் மழைநீர் வெளியேற வழியின்றித் தோட்டமே குளமாகிவிடும். என் தாத்தா பல ஆண்டுகள் அந்தக் கதவுகளைக் காத்தவர். அவரிடம் கடிகாரம் இருந்தது. ஆனால் அவர் முதலில் பார்த்தது சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைத்தான். அமாவாசை என்றைக்கு, பௌர்ணமி என்றைக்கு என்பதே அவருக்குத் தேவைப்பட்டது. “இன்னைக்கு இல்லம்மா, பெரிய தண்ணி நாளைக்கு நாளான்னைக்குத்தான் வரும்” என்பார். சொன்னபடியே வரும்.

இன்று நான் பொறியியல் மாணவி. கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கும் முறைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. பல கோடி ரிங்கிட் மதிப்புள்ள துரப்பண மேடைகளிலும் பொறியாளர்கள் ஏறக்குறைய தாத்தா செய்த வேலையையே செய்கிறார்கள். நிலவைக் கணக்கிட்டு நீரைக் கணிக்கிறார்கள். நீரைக் கணித்து வேலைக்கு நேரம் குறிக்கிறார்கள். ஆனால் தாத்தாவின் கணக்கு அப்படியே அங்குச் செல்லுபடியாகாது. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலவின் இழுப்பு எவ்வளவு?

நிலவு கடலை இழுக்கிறது என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அது எவ்வளவு வலிமையான இழுப்பு என்று கேட்டால் பலரும் திகைப்போம். கடலை ஏறி இறங்கச் செய்யும் நிலவின் விசை, பூமியின் ஈர்ப்பு விசையில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு மட்டுமே. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மீது அது ஏற்படுத்தும் மாற்றம் ஓர் அரிசி மணியின் எடைகூட இராது.

இவ்வளவு சிறிய விசை எப்படிக் கடலையே அசைக்கிறது? பூமியில் நிலவுக்கு நேராக இருக்கும் பக்கம் சற்று அதிகமாக இழுக்கப்படுகிறது. எதிர்ப்பக்கம் சற்றுக் குறைவாக இழுக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டால் கடல்நீர் இரு பக்கமும் சற்றுப் புடைக்கிறது. பூமி சுழலும்போது நாம் அந்த இரண்டு புடைப்புகளையும் கடந்து செல்கிறோம். இதற்குள் நிலவும் தன் பாதையில் சற்று முன்னே நகர்ந்துவிடுவதால், அதே நிலவை மீண்டும் உச்சியில் காண நமக்கு 24 மணி 50 நிமிடம் ஆகிறது. ஆகவே ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வருவதற்கு இதுவே காரணம்.

சூரியனும் இதே வேலையைச் செய்கிறது. மிகத் தொலைவில் இருப்பதால் அதன் ஓத விசை நிலவினுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. இரு விசைகளும் கைகோக்கின்றன. நீர் மிக உயர்ந்து மிகத் தாழ்கிறது. இதனைப் பேரோதம் எனலாம். அரைநிலவு நாளில் இரண்டும் செங்கோணத்தில் நின்று ஒன்றையொன்று குறைக்கின்றன. அது சிற்றோதம்.

இங்கே நம் நாட்காட்டியின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். திதி என்பது வேறொன்றுமில்லை. வானில் சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே உள்ள கோணம். ஒவ்வொரு 12 பாகைக்கும் ஒரு திதி. அந்தக் கோணம் 84 பாகையிலிருந்து 96 பாகை வரை இருக்கும் காலமே வளர்பிறை அட்டமி. அதாவது, சரியாக 90 பாகை அட்டமியின் நடுவில் விழுகிறது. நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒதுக்கும் அட்டமி நவமிதான் கடல் அடங்கியிருக்கும் சிற்றோதக் காலம். நீர் நிலவைப் பின்தொடர ஓரிரு நாள் தாமதமாகும் என்பதால் தாத்தா “நாளைக்கு நாளான்னைக்கு” என்றார். அது வெறும் அனுபவ மொழியன்று. அறிவியலும் அதையே சொல்கிறது.

இரண்டு கரை, இரண்டு கணக்கு

தாத்தாவின் கணக்கு மலாக்கா நீரிணைக்குப் பொருந்தும். அங்கு ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். கிள்ளான் துறைமுகத்தில் பேரோத நாளில் நீர் ஏறத்தாழ 4 மீட்டர் ஏறி இறங்கும். ஓர் ஒருமாடி வீட்டின் உயரம்!

ஆனால் மலேசியாவின் எண்ணெய் மலாக்கா நீரிணையில் இல்லை. 1910-ஆம் ஆண்டில் சரவாக்கின் மிரியில் நிலத்தில் தோண்டிய கிணற்றில்தான் நம் நாட்டின் எண்ணெய் வரலாறு தொடங்கியது. பின்னர்த் தேடல் கடலுக்கு நகர்ந்தது. இன்று திரங்கானு, சரவாக், சபா ஆகிய மாநிலங்களுக்கு அப்பால் தென்சீனக் கடற்பகுதியில்தான் நம் எண்ணெய், எரிவாயு மேடைகள் நிற்கின்றன.

அந்தக் கடலின் போக்கு வேறு. தாய்லாந்து வளைகுடா, திரங்கானுக் கரை, மிரிப் பகுதி போன்ற இடங்களில் ஒரு நாளுக்கு ஒரே ஏற்றமும் ஒரே இறக்கமுமோ, அல்லது ஒன்று பெரிதும் மற்றொன்று சிறிதுமான இரண்டு ஏற்றங்களோதான் காணப்படும். உயர வேறுபாடும் பொதுவாகக் கிள்ளானில் காண்பதில் பாதியோ அதற்கும் குறைவோதான். தென்சீனக் கடல் முழுதும் இப்படித்தான் என்று கூறிவிடவும் முடியாது. சரவாக்கின் தென்மேற்கே நாளுக்கு இருமுறை பெரிய ஏற்றம் வருகிறது. ஸ்ரீ அமான் ஆற்றில் ‘பெனாக்’ என்னும் நீர்ச்சுவர் எழுந்து வருவதும் அதனால்தான்.

ஏன் இந்த வேறுபாடு? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் அதற்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதற்கேற்பத் தள்ளினால்தான் அது உயர எழும். கடலும் அப்படித்தான். அதன் ஆழமும் வடிவமும் எந்த ஆட்டத்துக்கு இசைகின்றனவோ அந்த ஆட்டம் பெருகும். மலாக்கா நீரிணை நாளுக்கு இருமுறை ஆடும் ஆட்டத்துக்கு இசைகிறது. தென்சீனக் கடலின் பெரும்பகுதி நாளுக்கு ஒருமுறை ஆடும் ஆட்டத்துக்கு இசைகிறது.

நாளுக்கு ஒருமுறை வரும் ஓதத்தின் அளவை முடிவு செய்வது அமாவாசையும் பௌர்ணமியும் அல்ல. நிலவு பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்பதுதான் இங்கு முதன்மை. நிலவு நேராகப் பூமத்திய ரேகைக்கு மேலே இருக்கும்போது அந்த ஓதம் சுருங்கிவிடும். வடக்கிலோ தெற்கிலோ எட்டத்தில் இருக்கும்போது பெருகும். ஏறத்தாழ 27 நாளில் நிலவு ஒருமுறை வடக்கே சென்று தெற்கே திரும்பி வருவதால், இருவாரத்துக்கு ஒருமுறை ஓதம் பெருகிச் சுருங்குகிறது. ஆனால் அது திதியோடு ஒத்துப்போவதில்லை. ஜூன், டிசம்பர் மாதங்களை ஒட்டி மட்டும் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்று சேரும். தாத்தா திரங்கானுவில் தண்ணீர்க் கதவு காத்திருந்தால் பல மாதங்களில் அவருடைய நாட்காட்டி அவரை ஏமாற்றியிருக்கும்!

டிசம்பரில் இன்னொன்றும் சேர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று கடல்நீரைத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையை நோக்கித் தள்ளுகிறது. சராசரிக் கடல்மட்டமே உயர்ந்துவிடுகிறது. நிலவு உயர்த்திய நீர், காற்று உயர்த்திய நீர், அதன்மேல் பருவக்கால அலை என மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. ஆண்டிறுதியில் கிழக்குக் கரையில் மேடை நகர்த்தும் வேலையைத் தவிர்க்கவே விரும்புவதற்கு முதற்காரணம் காற்றும் அலையும்தான். நிலவு தனித்து நின்று பெருந்தீங்கு செய்வது அரிது. பிறவற்றோடு சேரும்போதுதான் அதன் கணக்கைத் தவறவிடக் கூடாது.

காலூன்றி நிற்கும் மேடை

திரங்கானுவுக்கு அப்பால் உள்ள எண்ணெய் வயல்களில் கடலின் ஆழம் பெரும்பாலும் 60 முதல் 80 மீட்டர். இத்தகைய ஆழத்தில் கிணறு தோண்டப் பயன்படுவது ‘ஜேக்-அப்’ எனப்படும் காலூன்றும் மேடை. மிதக்கும் பெட்டி போன்ற உடல். பொதுவாக மூன்று நெடிய இரும்புக் கால்கள். இழுவைப் படகுகள் இதை இடத்துக்கு இழுத்து வருகின்றன. பிறகு கால்களைக் கடலடிக்கு இறக்கி, அவற்றின் மேல் உடலைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி நிறுத்துகிறார்கள்.

இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நிலவு குறுக்கிடுகிறது. முதலாவது, இடத்தில் நிறுத்துதல். ஏற்கெனவே நிற்கும் ஒரு நிலையான மேடைக்கு அருகே, சில மீட்டர் துல்லியத்தில் இந்தப் பெரும் பொருளை நிறுத்த வேண்டும். ஓத நீரோட்டம் வலுவாக இருந்தால் இழுவைப் படகுகள் திணறும். ஆகவே ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் முன், நீர் அசையாமல் நிற்கும் குறுகிய நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓத நீரோட்டம் கடுமையாக உள்ள கடல்களில் சிற்றோத நாட்களையே நாடுவர். நாம் ஒதுக்கும் அட்டமி நவமி அவர்களுக்கு நல்ல நாள்!

இரண்டாவது, கால் ஊன்றுதல். கால் கடலடியைத் தொடும்போது உடல் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். அப்போது நீர் ஏறினால் கால் தரையிலிருந்து மீண்டும் எழும். அலையில் எழுந்து எழுந்து கடலடியில் மோதும். நீர் இறங்கினால் எதிர்பாராத பாரம் கால்களில் இறங்கும். பின்னர் உடலைச் சற்றே தூக்கி, தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, கால்களுக்குக் கீழே உள்ள மண் எடையைத் தாங்குமா என்று சோதிக்கிறார்கள். ஒரு கால் திடீரெனப் புதைந்தாலும் ஆபத்து குறைவாக இருக்கட்டும் என்று உடலை நீர்மட்டத்துக்கு மிக அருகிலேயே வைத்திருப்பர். அந்தச் சில மணி நேரத்தில் நீர் எவ்வளவு ஏறும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்பது. மேடையின் அடிப்பகுதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள காற்றிடைவெளிதான் மேடையைப் புயலலையிலிருந்து காக்கிறது. இதைக் கணக்கிடும்போது முதலில் எடுத்துக்கொள்வது, நிலவாலும் சூரியனாலும் நீர் எட்டக்கூடிய மிக உயர்ந்த மட்டம். அதன் மேல் புயல் உயர்த்தும் நீர், அதன் மேல் மிக உயர்ந்த அலையின் முகடு, அதற்கும் மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளி. நிலையான மேடைகளுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் மரபான விதி கூறும் பாதுகாப்பு இடைவெளி சுமார் 1.5 மீட்டர். இந்த இடைவெளி எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயல் ஒரு சான்று. அங்கு எண்ணெய் எடுத்ததால் கடலடி தாழ்ந்தது, மேடைகளும் தாழ்ந்தன. 1987-ஆம் ஆண்டில் மேடைகளின் கால்களை வெட்டி, மேற்பகுதியை 6 மீட்டர் உயர்த்தினார்கள்.

‘மிக உயர்ந்த மட்டத்தை’ ஓராண்டுக் கணக்கில் அறிய முடியாது. நிலவின் பாதையின் சாய்வு 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று மாறுகிறது. 2006-ஆம் ஆண்டில் நிலவு பூமத்திய ரேகையிலிருந்து 28.5 பாகை வரை விலகிச் சென்றது. 2015-ஆம் ஆண்டில் 18.5 பாகை வரையே சென்றது. 2024, 2025-ஆம் ஆண்டுகளில் மீண்டும் 28.5 பாகையைத் தொட்டது. நாளுக்கு ஒருமுறை ஏறும் நம் கிழக்குக் கடலில் இந்த மாற்றம் நேரடியாகத் தெரியும். 2015-இல் மட்டும் அளந்துவிட்டு மேடை கட்டினால், அடுத்த பத்தாண்டில் நீர் கணக்கை மீறிவிடும். அதனால்தான் முழுச் சுற்றுக்கும் கணக்கிடுகிறார்கள்.

நான்காவது, கால்களைப் பிடுங்குதல். பல மாதம் சேற்றில் புதைந்த கால்கள் எளிதில் வருவதில்லை. அதற்கு உடலை மீண்டும் தண்ணீரில் இறக்குவார்கள்; மிதக்க விரும்பும் உடல் கால்களை மேலே இழுக்கும். நீர் ஏறும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. உடலின் அடிப்பரப்பு 3,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீர் 10 சென்டிமீட்டர் ஏறினாலே 300 டன்னுக்கு மேல் கூடுதல் தூக்குவிசை கிடைக்கும். எந்த இயந்திரமும் இன்றி, எரிபொருளும் இன்றி நிலவு தூக்கிக் கொடுக்கிறது. அளவுக்கு மீறினால் உடல் சேதமாகும் என்பதால் அதற்கும் எல்லை வைத்தே செய்கிறார்கள்.

ஒரு மீட்டர் தவறினால்

ஆழ்கடலில் காலூன்ற முடியாது. சபாவுக்கு அப்பால் உள்ள கிக்கே வயல் 2002-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டு 2007-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. மலேசியாவின் முதல் ஆழ்கடல் எண்ணெய்த் திட்டம் அதுவே. அங்குக் கடலின் ஆழம் 1,300 மீட்டரைத் தாண்டும். இத்தகைய இடங்களில் மிதக்கும் மேடையிலிருந்தோ துரப்பணக் கப்பலிலிருந்தோதான் கிணறு தோண்ட வேண்டும். கிணற்றின் வாய் கடலடியில் அசையாமல் இருக்கிறது. கப்பலோ நீரோடு ஏறி இறங்குகிறது. இரண்டையும் இணைப்பது ‘ரைசர்’ எனப்படும் அகன்ற குழாய்.

ஏறி இறங்கும் கப்பல் ரைசரை இழுத்து அறுத்துவிடாதா? அதற்காகவே ரைசரின் மேல்முனையில் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இணைப்பு உண்டு. மடக்குக் குடையின் கம்பி நீள்வதும் குறுகுவதும் போல. அலையின் வேகமான ஆட்டத்தையும் ஓதத்தின் மெதுவான ஏற்ற இறக்கத்தையும் அது தாங்கிக்கொள்கிறது. அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. இன்னும் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

ஒன்று, கழுத்துச் சிக்கல். கிணற்றின் வாயில் பி.ஓ.பி. எனப்படும் தடுப்புக் கருவி இருக்கிறது. கிணறு கட்டுமீறினால் அதன் கத்திகள் துரப்பணக் குழாயை வெட்டிக் கிணற்றை மூட வேண்டும். துரப்பணக் குழாய் என்பது ஒரே குழாய் அன்று, ஏறத்தாழ 9.5 மீட்டர் நீளமுள்ள பல குழாய்கள் திருகி இணைக்கப்பட்டவை. ஒவ்வோர் இணைப்பிலும் தடித்த இரும்புக் கழுத்து உண்டு. கத்தி குழாயை வெட்டும். கழுத்தை வெட்டும் என்று நம்ப முடியாது. ஆகவே கத்திக்கு நேரே கழுத்து நிற்காதபடி துரப்பணர் எப்போதும் கணக்கு வைத்திருக்க வேண்டும். அவர் நிற்பது கப்பலில்; கழுத்து இருப்பதோ கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில். காலையில் சரியாக இருந்த கணக்கு, மாலையில் கடல் ஒன்றரை மீட்டர் இறங்கியதும் மாறிவிடும். ஓத அட்டவணை அங்கு உயிர்காக்கும் தாள்.

இது மிகைப்படுத்தல் அன்று. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ மேடை வெடித்து 11 பேர் மாண்டனர். அங்குக் காரணம் ஓதம் அன்று. ஆனால் குழாய் வளைந்து கத்தியின் நடுவிலிருந்து விலகி நின்றதால் தடுப்புக் கருவியால் கிணற்றை மூட இயலவில்லை என்று பின்னர் நடந்த ஆய்வு கூறியது. கத்திக்கு நேரே எது நிற்கிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை உலகம் அன்று கண்டது.

இரண்டு, சேற்றுக் கணக்கு. கிணற்றுக்குள் கனமான துரப்பணச் சேற்றைச் சுற்றோட்டமாகச் செலுத்துகிறார்கள். அதன் எடைதான் பாறைக்குள் இருக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் அடக்கி வைக்கிறது. எரிவாயு கிணற்றுக்குள் புகத் தொடங்கினால் அது சேற்றை மேலே தள்ளும். மேடையில் உள்ள தொட்டியில் சேற்றின் அளவு கூடும். மேடைத் தொழிலாளர்கள் இதனைக் ‘கிக்’ என்பார்கள். தொட்டியில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் கூடுவதற்குள்ளாகவே அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

இப்போது நிலவு விளையாடுகிறது. கடல் ஏறினால் கப்பல் உயர்கிறது, ரைசர் நீள்கிறது, அதற்குள் கொஞ்சம் கூடுதல் சேறு தங்குகிறது, தொட்டியில் குறைகிறது. கடல் இறங்கினால் அந்தச் சேறு தொட்டிக்குத் திரும்பி வருகிறது. அரை மீட்டர் விட்டமுள்ள ரைசரில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 190 லிட்டர். ஓதம் 2 மீட்டர் இறங்கினால் தொட்டியில் 350 லிட்டருக்கு மேல் கூடுகிறது. இது கிணறு தரும் எச்சரிக்கையா, நிலவு தரும் கணக்கா? நிலவின் கணக்கு பல மணி நேரத்தில் மெல்ல நகரும். கிணற்றின் எச்சரிக்கை காத்திருக்காது. இரண்டையும் பிரித்தறிய, அந்த நேரத்தில் ஓதம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருப்பவரால்தான் முடியும். ‘ஓதம்தான்’ என்று அலட்சியமாகச் சொல்லி ஓர் உண்மையான கிக்கைத் தவறவிடுவதே இதில் மிகப் பெரிய ஆபத்து.

மேலே தெரியாத அலை

இதுவரை கூறியவை அட்டவணையைப் பார்த்து அறியக்கூடியவை. அட்டவணையில் இல்லாத ஒரு வேலையையும் நிலவு செய்கிறது.

கோயிலில் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் எண்ணெய் ஊற்றித் திரியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிண்ணத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். எண்ணெயின் மேல்பரப்பு சற்றே அசையும். ஆனால் தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லை பெரிதாகவும் மெதுவாகவும் ஆடும். கடலிலும் இதே நிலைதான். மேலே வெப்பமான, இலேசான நீர். கீழே குளிர்ந்த, கனமான நீர். ஓத நீரோட்டம் கடலடி மலைமுகடுகளின் மேல் ஏறி இறங்கும்போது இந்த எல்லை உலுக்கப்பட்டு, கடலுக்குள்ளேயே ஓர் அலை புறப்படுகிறது. இதனை உள்ளலை என்பர்.

1970-களின் நடுவில் அந்தமான் கடலில் எண்ணெய் தேடிய துரப்பணக் கப்பலில் இருந்தவர்கள் இதை நேரில் உணர்ந்தார்கள். புயல் இல்லை, ஆயினும் ஆழத்தில் நீரோட்டம் திடீரென வலுத்தது. அங்கு அளந்த தரவுகளைக் கொண்டு ஆஸ்போர்ன், பர்ச் ஆகிய இருவரும் 1980-ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் விளக்கம் எழுதினர். கடலுக்குள் 60 மீட்டர் அளவுக்கு எல்லை இறங்கி ஏறும் தனித்தனி அலைகள் அவை. அவற்றைப் பிறப்பித்தது ஓதமே. மேற்பரப்பில் தெரிவதெல்லாம் சலசலத்து நுரைக்கும் நீரின் நீண்ட பட்டைகள் மட்டுமே.

நம் அண்டைக் கடல்களிலும் இவை உண்டு. சபாவுக்குக் கிழக்கே உள்ள சூலு கடலில், சிபுத்து நீர்வழியருகே ஓதம் பிறப்பிக்கும் உள்ளலைகள் ஏறத்தாழ இரண்டு நாள் வடமேற்காகப் பயணம் செய்கின்றன. லூசோன் நீரிணையில் பிறந்து தென்சீனக் கடலின் வடபகுதிக்குள் வரும் உள்ளலைகள் 200 மீட்டருக்கும் மேல் உயரம் கொண்டவை என்று 2015-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மேலே நீர் ஒரு மீட்டர்தான் ஏறுகிறது. உள்ளே அதே நிலவு நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு நீரைப் புரட்டுகிறது!

உள்ளலை கடக்கும்போது மேல்நீர் ஒரு பக்கமும் கீழ்நீர் எதிர்ப்பக்கமும் பாய்கின்றன. நடுவே நிற்கும் ரைசர் இரு திசையிலும் இழுக்கப்படுகிறது. கப்பல் இடம்பெயரப் பார்க்கிறது. கடலடியில் வேலை செய்யும் இயந்திரங்களைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. ஆகவே இத்தகைய கடல்களில் இன்று மேடைக்குத் தொலைவிலேயே நீரோட்ட அளவிகளை நிறுத்தி, அலை வருமுன் எச்சரிக்கை பெறுகிறார்கள். மேடையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சிறிது நேரம், அபாயமான வேலைகளை நிறுத்திவைக்கப் போதும்.

பாறைக்குள்ளும் நிலவு

இறுதியாக ஒரு செய்தி. நிலவு இழுப்பது கடலை மட்டும் அன்று. நாம் நிற்கும் தரையும் நாள்தோறும் சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. எல்லாமே சேர்ந்து ஏறி இறங்குவதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆழத்தில் மூடி வைத்த எண்ணெய்க் கிணற்றில் நுண்ணிய அழுத்தமானியை இறக்கினால், அதில் ஓதத்தின் தாளம் கோடாக விழுகிறது. கடலில் இது மேலும் தெளிவு. நீர் ஒரு மீட்டர் ஏறினால் கடலடியில் அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் கூடுகிறது. அதில் ஒரு பகுதி பாறையின் நுண்துளைகளில் உள்ள எண்ணெய் வரை சென்று சேர்கிறது.

அந்தத் தாளத்தைத் தரவிலிருந்து நீக்கினால்தான் கிணற்றின் உண்மையான நிலை தெரியும். அதே தாளத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்தால், பாறை எவ்வளவு அமுங்கக்கூடியது என்பதையும் அறியலாம். ஒரு பொறியாளர் இடையூறாக ஒதுக்குவது மற்றொருவருக்குப் பயனுள்ள செய்தியாகிறது.

நிறைவாக

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நிலவின் விசை மிகச் சிறிது. ஆனால் அது தவறாமல் வருவது. தவறாமல் வருவதால்தான் அதைக் கணக்கிட முடிகிறது. கணக்கிட்டவர்களுக்கு அது உதவுகிறது, கால்களைச் சேற்றிலிருந்து தூக்கித் தருகிறது. கணக்கிடாதவர்களுக்கு அதே ஒன்றரை மீட்டர், கத்திக்கு நேரே கழுத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

ஆனால் ஒரு கரையில் கற்ற கணக்கை மறுகரைக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. தாத்தாவின் நாட்காட்டி கோல லங்காட்டில் தவறியதில்லை. அது அந்தக் கடலுக்கு உரியது. மேடையில் வேலை செய்யப்போகும் நம்மவர்கள், அந்தந்தக் கடலின் கணக்கை அந்தந்த இடத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். அரச மலேசியக் கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. அந்த மையம் கிள்ளானுக்கு அருகே இண்டா தீவில் இருக்கிறது. தாத்தாவின் தண்ணீர்க் கதவிலிருந்து வெகுதொலைவு இல்லை.

சென்ற பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, இக்கட்டுரையில் உள்ளவற்றைத் தாத்தாவிடம் தமிழிலேயே விளக்க முயன்றேன். இடைநிலைப்பள்ளி தொடங்கி மலாயிலும் ஆங்கிலத்திலுமே அறிவியல் படித்த எனக்குப் பல இடங்களில் சொல் கிடைக்கவில்லை. குடைக் கம்பியையும் கோயில் விளக்கையும் துணைக்கு அழைத்தது அங்குத்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அங்கே யாரும்மா கதவு பார்க்கிறது?”

மேடையில் அதற்கு ஒரு பதவிப் பெயர் இல்லை. துரப்பணரும் பார்க்க வேண்டும், சேற்றுத் தொட்டியைக் கவனிப்பவரும் பார்க்க வேண்டும், கணினி முன் அமர்ந்திருப்பவரும் பார்க்க வேண்டும். இத்துறையில் அடியெடுத்து வைக்கும் நம் மாணவர்கள், எந்தப் பதவியில் இருந்தாலும், அந்தக் கதவைப் பார்ப்பவர்களாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.